உங்களுக்குத் தெரியுமா? – சட்டென்று கிளம்பும் ஜோடிகளுக்கு ஓரிகன் கடற்கரைச் சாலை

அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது ஓரிகன் மாநிலம். ஒரு பக்கம் பசிபிக், மறு பக்கம் ஸ்ப்ரூஸும் டக்ளஸ் ஃபரும் அடர்ந்த மலைக்காடு, இரண்டுக்கும் நடுவே 101-ஆம் எண் நெடுஞ்சாலை. வடக்கே அஸ்டோரியாவிலிருந்து தெற்கே கலிபோர்னியா எல்லை வரை அதன் நீளம் 363 மைல், அதாவது 584 கி.மீ. "நாளைக்குப் போலாமா?" "போலாமே!" என்று இரண்டே பேச்சில் முடிவாகிற பயணத்துக்கு இதைவிடத் தோதான சாலை குறைவு. அழகு மட்டும் காரணமில்லை. அழகான கரைகள் உலகெங்கும் உண்டு. யாரிடமும் கேட்காமல், எந்த வேலியும் தாண்டாமல் மணலில் இறங்க விடுகிற கரைகள்தான் அபூர்வம்.

கரைக்கு வேலி கிடையாது

ஓரிகனின் மணற்பரப்பு முழுவதையும் பயன்படுத்தும் உரிமை பொதுமக்களுடையது. இதற்கு வித்திட்டவர் ஆஸ்வால்ட் வெஸ்ட் என்ற ஆளுநர். 1913-இல் அவர் கொண்டுவந்த சட்டம் வெறும் 66 வார்த்தைதான். ஓதம் ஏறி நனைக்கிற மணல் முழுவதும் 'பொது நெடுஞ்சாலை' என்று அது அறிவித்தது. 'கடற்கரையைக் காப்போம்' என்று சொல்லியிருந்தால் நிலக்காரர்கள் சண்டைக்கு வந்திருப்பார்கள். 'செலவே இல்லாமல் ஒரு ரோடு' என்று சொன்னதும் சட்டமன்றம் தலையாட்டியது. பழைய அரசியல்வாதிகளின் சாமர்த்தியமே தனி!

ஈர மணல் இப்படித் தப்பியது. காய்ந்த மணல் சிக்கலில்தான் இருந்தது. 1966-இல் கேனன் பீச் என்ற ஊரில் ஒரு விடுதிக்காரர் தன் வாசலுக்கு நேரே உள்ள காய்ந்த மணலில் வேலி போட்டு, 'எங்கள் விருந்தினருக்கு மட்டும்' என்றார். ஊர் கொதித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் ஆளுநர் டாம் மெக்கால் நில அளவையாளர்களோடு ஹெலிகாப்டரில் வந்து கடற்கரையில் இறங்கி, பொதுமக்களின் எல்லை எதுவரை என்று அங்கேயே அளக்கச் செய்தார். பத்திரிகைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1967 ஜூலையில் கடற்கரைச் சட்டம் கையெழுத்தானது. செடிகொடி தொடங்குகிற கோடு வரை யாரும் நடக்கலாம், உட்காரலாம், தூங்கி வழியலாம். நீங்கள் ஏதோ ஒரு திருப்பத்தில் "இங்கே நிறுத்துங்களேன்" என்று சொல்ல முடிவது, அறுபது ஆண்டுக்கு முன் யாரோ போட்ட சண்டையால்தான்.

மணலே சாலையாக இருந்த காலம்

'கடற்கரை ஒரு நெடுஞ்சாலை' என்பது வெறும் சட்டத் தந்திரம் இல்லை. அப்போது தபால் வண்டிகளும் பயணிகள் வண்டிகளும் ஓதம் வற்றும் நேரம் பார்த்து மணலில்தான் ஓடின. கேனன் பீச்சுக்குத் தெற்கே ஹக் பாயின்ட் என்ற இடத்தில், கடலுக்குள் நீட்டிய பாறையைச் சுற்றி வண்டி போக வழி குடைந்திருக்கிறார்கள். கடல் வற்றும்போது இன்றும் அதில் நடந்து போகலாம். நேரம் தவறினால் திரும்பி வர வழி இருக்காது. அந்தக் காலத்து வண்டிக்காரரின் கவலையும் இதேதான்.

வடக்கிலிருந்து தெற்கா, தெற்கிலிருந்து வடக்கா?

தெற்கு நோக்கியே ஓட்டுங்கள். அமெரிக்காவில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். தெற்கே போனால் கடல் வலப்பக்கம் வரும். காட்சி முனைகளில் எதிர் வரிசையைக் குறுக்கே கடக்காமல் அப்படியே ஒதுக்கி நிறுத்தலாம். கோடையில் காற்றும் பெரும்பாலும் வடக்கிலிருந்தே வீசுகிறது, சைக்கிளில் இந்தக் கரையைக் கடப்பவர்கள் தெற்கு நோக்கிப் போவது அதனால்தான். ஒரே குறை, கடலை முழுசாகப் பார்க்கிற பாக்கியம் பக்கத்து இருக்கைக்கு மட்டும். ஸ்டீரிங்கை மாற்றி மாற்றிப் பிடிப்பது இல்லற தர்மம்.

கடலைப் பார்க்க அடம்பிடித்த பெண்

லூயிஸ், கிளார்க் இருவரும் தலைமை தாங்கிய புகழ்பெற்ற ஆய்வுப் பயணக் குழு 1805-06 குளிர்காலத்தை அஸ்டோரியா பக்கத்தில் ஒரு மரக்கோட்டையில் கழித்தது. மழையில் ஊறிக் கழித்தது என்பதே சரி. 106 நாளில் 12 நாள்தான் மழை இல்லை. தெற்கே ஒரு திமிங்கலம் கரை ஒதுங்கிய செய்தி வந்ததும் கிளார்க் கிளம்பினார். குழுவோடு கைக்குழந்தையைச் சுமந்து வந்திருந்த ஷொஷோனி இனப்பெண் சக்காஜவேயா, 'இவ்வளவு தூரம் வந்து பெருங்கடலையும் அந்த மீனையும் பார்க்காமல் போவதா? என்னையும் கூட்டிப் போங்கள்' என்று உறுதியாக நின்றார். கூட்டிப் போனார்கள். போய்ச் சேர்ந்தபோது திமிங்கலத்தில் எலும்புதான் மிச்சம். உள்ளூர் மக்களிடம் 300 பவுண்டு, ஏறத்தாழ 136 கிலோ கொழுப்பை விலைக்கு வாங்கித் திரும்பினார் கிளார்க். அவர்கள் மலையேறி இறங்கிய பகுதி இன்று ஈக்கோலா மாநிலப் பூங்கா. கேனன் பீச்சின் முதல் நல்ல காட்சி அங்கிருந்துதான்.

ஒன்றரை மணி நேரத்தில் கடல்

போர்ட்லாந்து நகரத்திலிருந்து கேனன் பீச் 80 மைல். போர்ட்லாந்துக்கு மேற்கே ஹில்ஸ்பரோவில் இன்டெல் நிறுவனத்தின் பெரிய சிப் ஆலைகள் இருப்பதால் அந்தப் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் கணிசம். அவர்களுக்குத் தூரம் இன்னும் குறைவு. புளிச்சோறு கட்டி எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பினால் ஆறுவதற்குள் கடல்.

ஜூலையில் ஸ்வெட்டரா?

ஆமாம். உள்ளே பள்ளத்தாக்கில் 35 டிகிரி வெயில் கொளுத்தும் நாளில்கூடக் கரையில் 16, 17 டிகிரிதான் இருக்கும். கோடைக் காற்று மேல் தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போக, ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. அதன் மேல் படியும் காற்று பனிமூட்டமாகி மலைக்காட்டில் போய் முட்டுகிறது. கடல்நீர் 10 முதல் 13 டிகிரி. மெரினாவில் கால் நனைத்த பழக்கத்தில் பாய்ந்து இறங்கினால் அலறல்தான்.

இன்னொரு வித்தியாசம்: சென்னையில் சூரியன் கடலில் உதிக்கும், இங்கே கடலில் மறையும். ஜூன் கடைசியில் அது இரவு 9 மணிக்கு. டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். ஆனால் குளிர்காலத்தில் வேறு வகை ஜோடிகள் வருகிறார்கள். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே கணப்பைப் போட்டுக்கொண்டு, வெளியே புயல் அலை பாறையில் மோதுவதைப் பார்க்க! அதற்கென்றே சலுகை விலையில் அறை தருகிற விடுதிகள் உண்டு. என்னைக் கேட்டால் கோடைக் கூட்டத்தைவிட அதுதான் தேன்நிலவு.

ஓடத்துக்குக் காத்திருந்த கார்கள்

1936-க்கு முன்னால் இந்தச் சாலையில் 'சட்டென்று' எதுவும் நடக்காது. பெரிய கழிமுகம் ஒவ்வொன்றிலும் சாலை அறுந்துவிடும். காரை ஓடத்தில் ஏற்றி அக்கரை போக வேண்டும். ஓடக்காரர் வீட்டுக்குப் போய்விட்டால் ராத்தங்கல். கான்டே மெக்கலோ என்ற பொறியாளர் இதற்கு முடிவு கட்டினார். பெருமந்தக் காலத்து நிவாரண நிதியில் யக்வினா, ஆல்சி, சையூஸ்லா, அம்ப்குவா, கூஸ் என்ற ஐந்து நீர்நிலைகளுக்குக் குறுக்கே ஐந்து பெரும் பாலங்கள் ஒரே ஆண்டில், 1936-இல் திறக்கப்பட்டன. வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கக் கட்டிய பாலம்தானே என்று அவர் ஏனோதானோவென்று கட்டவில்லை. வளைவுகள், ஊசிக்கோபுரங்கள், பாலத்தின் அடியில் நின்று பார்க்கப் பூங்காக்கள் என்று அழகு பார்த்துக் கட்டினார். உப்புக்காற்று அரித்ததால் ஆல்சி பாலத்தை 1991-இல் மாற்ற வேண்டியதாயிற்று. மற்றவற்றில் சிலவற்றின் கான்கிரீட் மேல் துத்தநாகம் பூசி, உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்காதபடி சிறிய மின்னோட்டம் செலுத்திக் காப்பாற்றுகிறார்கள். நியூபோர்ட்டில் யக்வினா பாலத்தைக் காரில் கடந்துவிட்டு அப்படியே போய்விடாதீர்கள். வடகரையில் இறங்கிக் கீழேயிருந்து நிமிர்ந்து பாருங்கள்.

ஒரு தாள் போதும்

திட்டமே இல்லாத பயணத்துக்கும் ஒரே ஒரு தாள் வேண்டும்: ஓத அட்டவணை. இந்தக் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இரண்டும் ஒரே அளவு இராது. வசந்தத்திலும் கோடையிலும் மிகத் தாழ்ந்த வற்றம் காலை வேளையில் வரும். அப்போது கேனன் பீச்சின் ஹேஸ்டாக் பாறை வரை கால் நடையாகவே போகலாம். 72 மீட்டர் உயரப் பாறை அது. அடிவாரக் குட்டைகளில் நட்சத்திர மீன்களும் கடற்சாமந்திகளும் கிடைக்கும், கண்ணுக்கு மட்டும். மேலே ஏறத் தடை. ஏப்ரலிலிருந்து கோடை வரை கொண்டைப் பஃபின் பறவைகள் அங்கே கூடு வைக்கின்றன. கரையோரமாகக் கடலில் நிற்கும் 1,800-க்கு மேற்பட்ட பாறைகளும் தீவுகளும் இதேபோல் பறவைகளின் காப்பிடங்கள்.

கேப் பெர்பெச்சுவாவில் 'தோரின் கிணறு' என்ற பாறைத்துளைக்கு நேர் எதிர் கணக்கு. ஓதம் ஏறுகிற நேரத்தில்தான் கடல் அதில் பொங்கி உள்வாங்கும். தள்ளி நின்று பார்ப்பவர்களுக்கே அந்தக் காட்சி.

கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள்

செல்ஃபி எடுக்கும் ஜோடிகளுக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டும். அமைதியான நாளிலும் எதிர்பாராமல் ஒரு பெரிய அலை மணல்மேட்டின் உச்சி வரை ஓடி வரும். கரையில் கிடக்கும் மரத்தடிகள் உட்காரத் தோதாகத்தான் தெரியும். ஆனால் சில அங்குலத் தண்ணீரே டன் கணக்கான தடியை மிதக்கவிட்டு உருட்டிவிடும். அடியில் சிக்கி இறந்தவர்கள் உண்டு.

ஏழு வகைக் காலை உணவு

ஹெசீட்டா ஹெட் கலங்கரை விளக்கம் 1894-இல் எரியத் தொடங்கியது. பக்கத்தில் விளக்குக் காப்பாளர் குடும்பங்கள் வாழ்ந்த வீடு இன்று தங்கும் விடுதி. காலையில் ஏழு சுற்றாக உணவு பரிமாறுகிறார்கள். இரவில் ஒளிக்கற்றைகள் ஸ்ப்ரூஸ் மரங்களைத் தடவிக்கொண்டு சுழல்வதை அறையிலிருந்தே பார்க்கலாம். அறைகள் குறைவு, சட்டென்று கிளம்பியவர்களுக்குக் கிடைப்பது கஷ்டம். அதற்குப் பதிலாகக் கேப் பெர்பெச்சுவா உச்சிக்குப் போங்கள். 800 அடி உயரத்தில், 1930-களில் வேலையில்லா இளைஞர் படை கட்டிய ஒரு கல் மண்டபம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அது காவல் மேடையாக இருந்தது. வானம் தெளிந்தால் கரையோரமாக 70 மைல் தெரியும். முன்பதிவும் தேவையில்லை, காலை உணவும் கிடையாது.

பரிசாக ஒரு மாளிகை

கூஸ் பே பக்கத்துக் குன்றின் மேல் ஷோர் ஏக்கர்ஸ் பூங்கா. லூயி சிம்சன் என்ற மரவணிகக் கோமான், மனைவி கேஸிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக இங்கே மாளிகை கட்டினார். 1921-இல் அது தீக்கிரையானது. தோட்டம் மிஞ்சி, பிறகு மாநிலத்தின் கைக்கு வந்தது. 1987-இலிருந்து ஆண்டுதோறும் விடுமுறைக் காலத்தில் தோட்டம் முழுக்க விளக்கேற்றுகிறார்கள்.

திமிங்கலத்துக்கு வெடி வைத்த கதை

1970 நவம்பர் 12. ஃபுளோரன்ஸ் கரையில் சுமார் 14 மீட்டர் நீளத் திமிங்கலம் செத்து ஒதுங்கி நாறியது. அப்போது கடற்கரைகள் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருந்தன. ஆகவே அதை அப்புறப்படுத்தும் வேலையும் அத்துறையிடம் வந்தது. அவர்களுக்குத் தெரிந்த வழி பாறையை உடைக்கிற வழிதான். அரை டன் டைனமைட்டை வைத்து வெடித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தலையில் திமிங்கலக் கொழுப்பு மழையாகக் கொட்டியது. கால் மைல் தள்ளி நின்ற ஒரு காரின் கூரையை ஒரு பெரிய துண்டு நசுக்கியது. உடலின் பெரும்பகுதி அசையாமல் அங்கேயே கிடந்தது! யாருக்கும் காயமில்லை. தொலைக்காட்சிப் படப்பிடிப்பு இன்றும் உலகைச் சுற்றுகிறது. 2020-இல் ஃபுளோரன்ஸ் மக்கள் ஒரு புதிய பூங்காவுக்கு வாக்கெடுத்து வைத்த பெயர் 'வெடித்த திமிங்கல நினைவுப் பூங்கா'.

'டியூன்' பிறந்த மணல்

அதே ஊரில் தொடங்கித் தெற்கே 40 மைலுக்கு மணல்மேடுகள். ஊருக்குள் மணல் புகாமல் இருக்கப் புல் நட்ட அரசுத் திட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுத எழுத்தாளர் ஃபிராங்க் ஹெர்பர்ட் 1957-இல் இங்கே வந்தார். கட்டுரை முடியவில்லை. சேர்த்த குறிப்புகள் வளர்ந்து வளர்ந்து 1965-இல் 'டியூன்' நாவலாயிற்று. அன்று நட்ட ஐரோப்பியப் புல் இன்று மணல்மேடுகளையே விழுங்குவதால், அதைப் பிடுங்குவது இப்போதைய வேலை.

பட்டம் விடத் தடை

மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை சில கடற்கரைகளில் பட்டம் விடக்கூடாது. மணலில் முட்டையிடும் சின்னஞ்சிறு உப்புக்கொத்திப் பறவை, பட்டத்தைப் பருந்தென்று நினைத்துக் கூட்டை விட்டு ஓடிவிடும். அந்தக் கரைகளில் பலகை வைத்திருப்பார்கள்.

கண்ணாடி உருண்டை தேடலாம்

ஒரு காலத்தில் ஜப்பானிய மீனவர் வலைகளிலிருந்து அறுந்த கண்ணாடி மிதவைகள் பசிபிக்கைக் கடந்து இந்தக் கரையில் ஒதுங்கின. லிங்கன் சிட்டி அந்த நினைவில், 2000-ஆம் ஆண்டை வரவேற்க, உள்ளூர் கலைஞர்கள் ஊதிய உருண்டைகளைக் கடற்கரையில் ஒளித்துவைக்கத் தொடங்கியது. இன்றும் ஆண்டு முழுக்க வைக்கிறார்கள். ஓதம் எட்டும் கோட்டுக்கு மேலேதான் தேட வேண்டும். கண்டெடுத்தவருக்கே சொந்தம். முதலில் பார்த்தவருக்கா, முதலில் தொட்டவருக்கா என்பது உங்கள் வீட்டு வழக்கு.

நண்டு பிடிக்க அளவுகோல்

படகுத்துறைகளில் கூடை வாடகைக்குக் கிடைக்கும். உரிமம் வாங்கிக்கொண்டு டஞ்சினெஸ் நண்டு பிடிக்கலாம். ஆண் நண்டு மட்டும், ஓட்டின் அகலம் 5¾ அங்குலத்துக்குக் குறையக் கூடாது, தலைக்கு நாளுக்கு 12. பெண் நண்டைத் திரும்பக் கடலில் விட வேண்டும். சைவர்களுக்கு மேரியன்பெர்ரி பை. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்டு 1956-இல் வெளிவந்த பழம் அது.

கார் நிறுத்தாமல் திமிங்கலம்

டீபோ பே ஊரில் நெடுஞ்சாலையே கடல் விளிம்பில் ஓடுகிறது. டிசம்பர் கடைசியில் தெற்கே போகும் சாம்பல் திமிங்கலங்கள் மார்ச் கடைசியில் வடக்கே திரும்பும். கோடையில் ஒரு கூட்டம் இங்கேயே மேய்கிறது. சரி, பார்க்கும்போது காரை நிறுத்திவிடுங்கள்.

1700 ஜனவரி 26

அன்றிரவு இந்தக் கரையை ஒட்டிய கடலடியில் 9 அளவை ஒட்டிய பூகம்பம். பசிபிக்கின் அக்கரையில் ஜப்பானில், நிலம் ஆடாமலே சுனாமி வந்ததாக ஊர்ப் பதிவுகள் எழுதி வைத்தன. அந்தப் பதிவுகளும், இந்தக் கரையில் தாழ்ந்து மூழ்கிச் செத்த மரங்களும் சேர்ந்துதான் தேதியைக் காட்டிக்கொடுத்தன. நெஸ்கோவின் கரையில் இன்னும் பழைய காடு ஒன்றைப் பார்க்கலாம். சுமார் 2,000 ஆண்டு வயதான ஸ்ப்ரூஸ் மரக்கட்டைகள் ஓதம் வற்றும்போது மணலில் நிற்கும். சாலையோரத்தில் நீல நிறச் சுனாமிப் பலகைகள் கண்ணில் படும். 2004-ஐப் பார்த்த நமக்கு விளக்கம் வேண்டாம்: தரை பலமாக ஆடினால் எச்சரிக்கை மணிக்குக் காத்திராமல் நடந்தே மேட்டுக்கு ஏறுங்கள்.

அறை கிடைக்குமா?

ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் நம்பிக்கை வைக்காதீர்கள். மாநிலப் பூங்காக்களில் மரச்சட்டமும் துணியும் கொண்ட வட்டக் கூடாரங்கள் உண்டு. கட்டில், ஹீட்டர் எல்லாம் இருக்கும். ஆறு மாதம் முன்பே பதிவு தொடங்குவதால் விடுமுறை நாள்கள் சீக்கிரம் நிரம்பும். செவ்வாய், புதனில் கிளம்புங்கள், பெரும்பாலும் கிடைக்கும். நடந்தும் சைக்கிளிலும் வருபவர்களுக்குப் பல பூங்காக்கள் பதிவில்லாத இடம் ஒதுக்குகின்றன. காரில் வந்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

பெட்ரோல்

1951 முதல் 2023 வரை ஓரிகனின் பெரும்பகுதியில் பங்க்கில் நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. இப்போது போடலாம். நம்மூர்போல ஆள் வந்து போடவும் கேட்கலாம், விலை ஒன்றுதான்.

கடற்கரையிலேயே தாலி கட்டலாமா?

பயண உற்சாகத்தில் சிலருக்கு அந்த யோசனையும் வரும். ஓரிகனில் திருமண உரிமம் வாங்கினால் மூன்று நாள் கழித்துத்தான் அது செல்லும். தகுந்த காரணம் காட்டினால் தள்ளுபடி உண்டு. 60 நாளுக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும். ஆக வடக்கே அஸ்டோரியாவில் விண்ணப்பித்து, சாவகாசமாக ஓட்டி வந்தால் தெற்கே கோல்டு பீச்சில் நாள் சரியாக இருக்கும். எந்த மாவட்டத்தில் வாங்கினாலும் மாநிலம் முழுக்கச் செல்லும்.

கடைசி 19 கிலோமீட்டர்

அவசரமாகப் போகிறவர்கள் தவறவிடும் பகுதி, புரூக்கிங்ஸுக்கு வடக்கே சாமுவேல் போர்ட்மன் பூங்கா. 1929-இல் மாநிலத்தின் முதல் பூங்காக் கண்காணிப்பாளரான போர்ட்மன், பணமில்லாத காலத்தில் நிலக்காரர்களிடம் கெஞ்சியும் பேசியும் கரையோரக் காட்டைத் துண்டு துண்டாகச் சேர்த்தார். பாறை வளைவுகள், கீழே குட்டிக் கடற்கரைகள், 105 மீட்டர் ஆழத்துக்கு மேலே போகும் தாமஸ் க்ரீக் பாலம், இது மாநிலத்திலேயே உயரமானது. இந்த 12 மைலுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். வடக்கே ஒரு ஊரைக் குறைத்தாலும் பரவாயில்லை.

பழத்தைத் தின்றுவிடுங்கள்

எல்லை தாண்டியதும் கலிபோர்னியாவின் வேளாண் சோதனைச் சாவடி. பூச்சி பரவாமல் இருக்க, பழம் இருக்கிறதா என்று கேட்பார்கள், சிலவற்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வழியில் வாங்கிய செர்ரியைப் புரூக்கிங்ஸிலேயே முடித்துவிடுங்கள். டேங்க்கையும் அங்கேயே நிரப்புங்கள், அந்தப் பக்கம் பெட்ரோல் விலை கூடுதல். ஓரிகனில் விற்பனை வரி கிடையாது என்பதால், உங்கள் துணைக்கு ஏதாவது வாங்கித் தர நினைத்திருந்தால் அதற்கும் அதுதான் கடைசிக் கடைவீதி.